வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுங்கள்

(கும்பகோணத்தில் பெற்றோர், ஆசிரியர் கூட்டத்தில் ஒரு வழக்கறிஞர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தாய்மார்களே, அப்பாக்களே, பள்ளிகளில் வேலை பார்க்கும் சகோதர சகோதரிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

இந்தக் கூட்டத்துக்குக் காசிராமன் தெரு வழியாகத்தான் வந்தேன். வேறு வழியும் இருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடங்களைப் பற்றிப் பேசப் போகிறவன் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு வரக் கூடாது என்று மனசுக்குப் பட்டது. 2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை காலை. சத்துணவு சமையலில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. ஒரே கட்டடத்துக்குள் மூன்று பள்ளிக்கூடங்கள். 94 பிள்ளைகள் போனார்கள். இந்த ஊர்க்காரர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் அன்றைக்கு அந்தத் தெருவுக்கு ஓடியவர்களும் இருப்பீர்கள்.

அதற்குப் பிறகு சட்டத்தில் நடந்த ஒரு விஷயம் இந்த ஊரிலேயே பலருக்குத் தெரியாது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தத் தீயை முன்வைத்து அவினாஷ் மெஹ்ரோத்ரா என்பவர் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். 2009 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. கல்வி உரிமை என்றால் பாதுகாப்பான பள்ளிக்கூடத்தில் படிக்கும் உரிமையும் அதற்குள் அடங்கும் என்று நீதிமன்றம் சொன்னது. பள்ளிகளில் தீயணைப்புக் கருவி இருக்க வேண்டும், அதைக் கையாள ஊழியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும், கட்டடம் விதிப்படி இருக்க வேண்டும் என்று நாடு முழுக்க உத்தரவு போனது. காஷ்மீரில் ஒரு பள்ளிக்கூடத்துச் சுவரில் சிவப்பு சிலிண்டர் தொங்குகிறது என்றால் அதற்குள் கும்பகோணத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இப்போது உங்களை ஒன்று கேட்கிறேன். உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியின் கட்டட உறுதிச் சான்றிதழையும் தீயணைப்புத் துறைச் சான்றிதழையும் பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள். (நான்கைந்து கைகள் எழுகின்றன.) மற்றவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கேட்டால் பிள்ளைக்கு ஏதாவது வந்துவிடுமோ என்ற பயம். எனக்கு அந்தப் பயம் தெரியும். அதிலேயே வளர்ந்தவன் நான்.

1994-இல் எட்டாம் வகுப்பு முடித்தேன். கட்டணம் வாங்கும் பள்ளி. அப்பாவுக்குத் தறி ஓடவில்லை, இரண்டு டேர்ம் ஃபீஸ் பாக்கி. அரசு உயர்நிலைப் பள்ளியில் சேர டி.சி., அதாவது மாற்றுச் சான்றிதழ், கேட்டு அம்மா அந்த அலுவலக வாசலில் நின்றார். பதினோரு நாள். உட்காரச் சொல்லவில்லை. 'சார் மீட்டிங்ல இருக்காரு', 'நாளைக்கு வாங்கம்மா'. கடைசியில் மூக்குத்தி அடகுக்குப் போனது, டி.சி. வந்தது. பதினான்கு வயது வரை கல்வி அடிப்படை உரிமை என்று உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993-இலேயே சொல்லியிருந்தது. ஒரு வருஷம் ஆகியும் அந்தச் செய்தி எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை. அம்மா அந்த வாசலில் கெஞ்சிக்கொண்டிருந்தார். உரிமையைக் கேட்கிறோம் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது.

அதனால்தான் டி.சி.யிலிருந்து ஆரம்பிக்கிறேன். 2002-இல் அரசியல் சட்டத்தில் 21-ஏ என்ற பிரிவு வந்தது. அதைச் செயல்படுத்த 2009-இல் கல்வி உரிமைச் சட்டம் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதில் 5-ஆம் பிரிவைப் படியுங்கள். பிள்ளை வேறு பள்ளிக்கு மாறும்போது தலைமையாசிரியர் டி.சி.யை உடனே கொடுக்க வேண்டும். தாமதித்தால் அவர் மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். அதைவிட முக்கியம், டி.சி. வரத் தாமதமாகிறது என்று சொல்லி அரசுப் பள்ளியோ உதவிபெறும் பள்ளியோ பிள்ளையைச் சேர்க்காமல் இருக்க முடியாது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இதை இன்னும் உடைத்துச் சொன்னது. கட்டணம் வசூலிக்கும் கருவியாக டி.சி.யைப் பயன்படுத்தக் கூடாது, அதில் 'கட்டண பாக்கி' என்று எழுதவும் கூடாது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பாக்கி ரத்தாகிவிட்டது என்று இதற்குப் பொருள் கிடையாது. பள்ளிக்கு வர வேண்டிய பணத்தைச் சட்டப்படி உங்களிடம் கேட்கலாம், வழக்கும் போடலாம். பிள்ளையின் சான்றிதழைப் பிணையாகப் பிடித்து வைக்கத்தான் முடியாது. பெரியவர்களுக்குள் இருக்கும் கடனைப் பிள்ளையின் தலையில் எழுதக் கூடாது, அவ்வளவுதான்.

இப்போதெல்லாம் டி.சி.யைக் கையில் கொடுத்துவிட்டு, பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் பெயரை விடுவிக்காமல் வைத்துக்கொள்ளும் பழக்கம் வந்திருக்கிறது. 'காமன் பூல்' என்ற பொதுப் பட்டியலுக்கு அனுப்பினால்தான் அடுத்த பள்ளியால் எடுக்க முடியும். எழுதிக் கொடுக்கும்போது அந்த எமிஸ் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்.

எழுதிக் கொடுப்பது என்றேனே, இன்றைக்கு நான் இங்கே சொல்ல வந்ததே அதுதான். கல்வி உரிமைச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு, பிள்ளையின் உரிமை பற்றிக் குறை உள்ள யாரும் உள்ளூர் அதிகார அமைப்பிடம் புகார் கொடுக்கலாம் என்கிறது. எப்படி? எழுத்து மூலம். அந்தச் சொல் சட்டத்திலேயே இருக்கிறது. இரு தரப்பையும் கேட்டு மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு. வாயால் சொன்ன புகாருக்கு இந்த மூன்று மாதக் கணக்கு எங்கிருந்து ஓடும்? என் அம்மா பதினோரு நாள் நின்றதற்கு எந்தப் பதிவேட்டிலும் ஒரு வரி கிடையாது. முதல் நாளே வெள்ளைத்தாளில் நாலு வரி எழுதிக் கொடுத்து, இன்னொரு நகலில் தேதியும் சீலும் வாங்கியிருந்தால் பதினோரு நாளும் கணக்கில் வந்திருக்கும். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்டில், போய்ச் சேர்ந்ததற்கான சான்றோடு அனுப்புங்கள். பெரிய இங்கிலீஷ் வேண்டாம், வக்கீல் பாஷையும் வேண்டாம். தேதி, பிள்ளையின் பெயர், வகுப்பு, என்ன நடந்தது, என்ன வேண்டும். தமிழில் எழுதுங்கள்.

சேர்க்கைக்கு வருகிறேன். பள்ளியில் சேர்க்கப் போனால் பிள்ளைக்குப் பரீட்சை, அப்பா அம்மாவுக்கு இன்டர்வியூ. இவை 13-ஆம் பிரிவில் தடை செய்யப்பட்டவை. முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்து ஒவ்வொரு முறையும் 50,000 வரை. நன்கொடை வாங்கினால் வாங்கியதைப் போல் பத்து மடங்கு வரை. பிறப்புச் சான்றிதழ் இல்லை என்பதற்காகவும் பிள்ளையைத் திருப்பி அனுப்ப முடியாது. எந்தப் பணம் கட்டினாலும் ரசீது கேளுங்கள். 'இதுக்கெல்லாம் ரசீது தர மாட்டோம்' என்றால் அது என்ன பணம் என்று உங்களுக்கே புரிந்துவிடும்.

25 சதவீத இடஒதுக்கீட்டை இங்கே எல்லோரும் ஆர்.டி.இ. சீட் என்கிறோம். ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பத்துப் பிள்ளைகளும் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுப் பிள்ளைகளும் தனியார் பள்ளியின் நுழைவு வகுப்பில் கட்டணமில்லாமல் சேரலாம். அந்தக் கட்டணத்தை அரசே அந்தப் பள்ளிக்குத் தரும். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பு சரியா என்ற கேள்வியை 2025-இல் அதே நீதிமன்றம் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்கிறது. 2025-இல் மத்திய அரசும் மாநில அரசும் நிதிக்காக மல்லுக்கட்டியதில் இந்தச் சேர்க்கை அக்டோபர் வரை இழுத்தது. ஜூனில் திறந்த பள்ளிக்கு அக்டோபரில் சேர்க்கை! அந்த நாலு மாதம் கடன் வாங்கிக் கட்டிய அப்பாக்களை எனக்குத் தெரியும். சட்டத்தில் உரிமை என்று எழுதிவிட்டு, பணம் யார் பையிலிருந்து வருவது என்று சண்டை போடுவதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இன்னொரு வேதனையும் உண்டு. இந்தச் சட்டம் பதினான்கு வயதோடு, எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. நாற்பது சதவீதத்துக்குக் குறையாத குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு மட்டும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பதினெட்டு வயது வரை இலவசக் கல்வியைத் தருகிறது. மற்றவர்களுக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிடிமானம் தளர்ந்துவிடுகிறது. 'பத்தாவது ரிசல்ட் கெட்டுடும்' என்று ஒன்பதாவதிலேயே பையனை வெளியே அனுப்பும் கொடுமை சட்டம் முடிகிற அந்த இடத்தில்தான் நடக்கிறது. பதினெட்டு வரை நீட்ட வேண்டும். இதை எந்த மேடை கிடைத்தாலும் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

அடுத்து, அடி. பெற்றோர்களே, இதில் நாமும் குற்றவாளிகள். 'கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்' என்று சொல்லிச் சேர்த்துவிட்டு வருகிறோமே, அந்த அனுமதியைத் தர நமக்கே அதிகாரம் கிடையாது. 17-ஆம் பிரிவு உடம்பில் தரும் தண்டனையையும் மனசைப் புண்படுத்துவதையும் சேர்த்தே தடுக்கிறது. ஃபீஸ் கட்டாத பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்துவதும், சாதியைச் சொல்லிக் கேலி பேசுவதும் அடிதான், பிரம்பு இல்லாத அடி.

ஆசிரியர்கள் முகத்தைப் பார்க்கிறேன். 'அப்போ நாங்க எப்படித்தான் வகுப்பை நடத்துறது?' என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஆரம்ப வகுப்புகளில் முப்பது பிள்ளைக்கு ஒரு ஆசிரியர் என்று சட்டம் சொல்கிறது. அறுபது பேரை ஒரே அறையில் அடைத்து ஒருவரிடம் விட்டுவிட்டு, பொறுமையாக இருங்கள் என்று உபதேசம் செய்பவர்கள் சட்டத்தின் பாதியை மறைக்கிறார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் தவிர வேறு வேலைக்கு உங்களை அனுப்பக் கூடாது என்று 27-ஆம் பிரிவு இருக்கிறது. நீங்களும் எழுதுங்கள். பையன் தொந்தரவு செய்கிறானா, தேதி போட்டுக் குறித்து வையுங்கள், பெற்றோரை அழைத்ததைப் பதியுங்கள். நாளைக்கு உங்கள் மேல் பொய்ப் புகார் வந்தால் அந்த நோட்டுதான் உங்களுக்குச் சாட்சி.

இன்னொன்றை மட்டும் குரலைத் தாழ்த்திச் சொல்கிறேன். ஒரு பிள்ளை உங்களிடம் வந்து, யாரோ தப்பாகத் தொட்டார் என்று சொன்னால், ஹெச்.எம்.மிடம் சொல்வதோடு உங்கள் கடமை தீராது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தவர் யாராக இருந்தாலும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தன் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஒரு வருஷம் வரை. 'ஸ்கூல் பேரு கெட்டுடும்' என்று உங்கள் வாயை அடைப்பவர் அந்த ஆறு மாதத்தை உங்களுக்காக அனுபவிக்க மாட்டார். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை இப்போதே செல்போனில் பதிந்துகொள்ளுங்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற உதவி எண்ணும் இருக்கிறது.

தனியார் பள்ளி ஆசிரியைகள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். வேலையில் சேரும்போது அசல் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டுப் பிறகு திண்டாடுகிறீர்கள். சரிபார்க்கக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள், அசலோடு வீட்டுக்கு வாருங்கள். ஆசிரியர்களுக்குப் பணிக்கொடை கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2009-இல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் முதலே உங்களுக்கு அது உண்டு என்றார்கள். தனியார் பள்ளிகள் அதை எதிர்த்துப் போட்ட வழக்கு 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தவர்கள், விலகும்போது எழுதிக் கேளுங்கள்.

அடுத்து டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வு. உச்ச நீதிமன்றத்தின் 2025 செப்டம்பர் 1 தீர்ப்புக்குப் பிறகு பலர் தூக்கமில்லாமல் இருக்கிறீர்கள். ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு வருஷத்துக்குள் டெட் தேற வேண்டும். ஐந்துக்குள் இருப்பவர்கள் தேறாமலே வேலையில் தொடரலாம், பதவி உயர்வு மட்டும் கிடைக்காது. தகுதி வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அந்த விதி பிறக்கும் முன்பே முறையாகத் தேர்வாகி, இருபது வருஷம் ஒன்றாம் வகுப்புக்கு 'அ, ஆ' சொல்லிக் கொடுத்தவரை மறுபடியும் தேர்வறைக்கு அனுப்புவது எனக்கு உவப்பாக இல்லை. என் மனசு இப்படி, தீர்ப்பு அப்படி. விண்ணப்பிக்காமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

அரசுப் பள்ளிப் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பள்ளியில் மேலாண்மைக் குழு இருக்கிறது. நான்கில் மூன்று பங்கு பெற்றோர், உறுப்பினர்களில் பாதி பெண்கள். கூட்டத்துக்குப் போகிறீர்கள், டீ குடிக்கிறீர்கள், கையெழுத்துப் போடுகிறீர்கள். அடுத்த முறை தீர்மான நோட்டை வாங்கிப் படித்துவிட்டுப் போடுங்கள். கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால், பேசியதோடு விடாமல் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள்.

'வக்கீலுக்குக் கொடுக்க எங்ககிட்ட ஏதுங்க பணம்?' என்று ஒரு அம்மா வரும்போதே கேட்டார். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. வருமான வரம்பு பார்க்க மாட்டார்கள். நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கிறது, 15100-க்கும் பேசலாம். அம்மா, நீங்கள் பெண், வழக்கு உங்கள் குழந்தையுடையது. இரண்டு விதத்திலும் உங்களுக்கு உரிமை இருக்கிறது.

பின்னால் மேஜை போட்டு என் ஜூனியர்கள் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். தாள், பேனா, கார்பன் எல்லாம் இருக்கிறது. ஒன்பது மணி வரை இருப்போம். டி.சி. கிடைக்காதவர்கள் முதலில் வாருங்கள். கைக்குழந்தையோடு நிற்பவர்களுக்கு வழி விடுங்கள். எழுதத் தெரியாதவர்கள் சொல்லுங்கள், நாங்கள் எழுதித் தருகிறோம். இந்த முன்வரிசை நாற்காலிகளையும் அங்கே எடுத்துப் போடுங்கள், யாரும் நிற்க வேண்டாம்.