கடல் இல்லாத நாட்டின் சங்குப் பூச்சிகள்

(ஊர் நூலகத்தின் மாதக் கூட்டம் ஒன்றில் பேசியது. திரும்பத் திரும்பச் சொன்னவற்றை மட்டும் வெட்டியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். இன்றைக்கு நத்தையைப் பற்றிப் பேச்சு என்று அறிவித்ததும் முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்ததைப் பார்த்தேன். பரவாயில்லை. மழைக்காலத்தில் குளியலறைச் சுவரில் ஏறுகிற ஒன்றைப் பற்றி ஒரு மணி நேரம் பேச என்ன இருக்கிறது என்று எனக்கும் ஒரு காலத்தில் தோன்றியதுதான். அதிலும் நான் எடுத்துக்கொண்டது நேபாளத்து நத்தையும் மட்டியும். சிப்பி என்றாலே நமக்குக் கடற்கரைதான் நினைவுக்கு வரும். நேபாளத்துக்கோ கடற்கரையே கிடையாது.

ஆனால் நேபாளத்தில் இருந்து வந்த ஒரு ஓடு இங்கே பல பேர் வீட்டுப் பூஜை அறையில் இருக்கிறது. சாளக்கிராமத்தைத்தான் சொல்கிறேன். காளி கண்டகி ஆற்றுப் படுகையில் பொறுக்கிய கருங்கல். உள்ளே சுருள் சுருளாகச் சக்கரம். அந்த ஆற்றின் மேற்பகுதியில், சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் இருக்கும் முக்திநாத்தைத்தான் 108 திருப்பதிகளில் ஒன்றான திருச்சாளக்கிராமம் என்று வைணவர்கள் பெரும்பாலும் கொள்கிறார்கள். திருமங்கையாழ்வார் பாடிய தலம். நான் போனபோது எங்கள் குழுவில் இருந்த பெரியவர் ஒருவர் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "வஜ்ரகீடம்னு ஒரு பூச்சி, அது பல்லால குடைஞ்சு பண்ண சக்கரம் தம்பி இது." வஜ்ரம் மாதிரிப் பல் உள்ள கீடம், அதாவது புழு.

பக்கத்தில் இருந்த கல்லூரிப் பையன், "அதெல்லாம் இல்ல தாத்தா, இது ஃபாசில்" என்றான். இரண்டு பேரும் சரி என்பேன் நான். அது அம்மோனைட் என்ற கடல் உயிரின் ஓடு பதிந்த கல். சுமார் 14, 15 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவே டெதிஸ் என்ற கடல் இருந்தது. அதன் அடிச் சேற்றில் படிந்தவை, பின்னால் இந்திய நிலத்தட்டு ஆசியாவை முட்டியபோது சேற்றோடு சேர்ந்து மலையாக மேலே வந்துவிட்டன. அந்தச் சக்கரத்தை ஒரு உயிர்தான் செய்தது. பல்லால் குடையவில்லை, தன் உடம்பில் இருந்து சுண்ணாம்பைச் சுரந்து சுற்றிச் சுற்றிக் கட்டியது. பெரியவர் பிழைவிட்டது வேலை நடந்த விதத்தில்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கேள்வி நேரத்தில் யாராவது மடக்குவீர்கள். அம்மோனைட் நத்தை இல்லை. கணவாய், ஆக்டோபஸ் குடும்பத்தின் உறவு. நத்தைக் கூட்டை உடைத்தால் உள்ளே ஒரே குழாய்தான். அம்மோனைட்டில் வரிசையாகத் தடுப்புச் சுவர் வைத்த அறைகள். கடைசி அறையில்தான் குடித்தனம். டைனோசர் போன காலத்தோடு அந்த வம்சமே போய்விட்டது. நத்தைக்குத் தூரத்துப் பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெரியவர் சொன்ன 'கீடம்' எனக்கு ஏன் மனதில் நின்றது தெரியுமா? நேபாளியில் நத்தைக்குச் சங்கே கீரா என்று பெயர். கீரா என்றால் பூச்சி, புழு. சங்குப் பூச்சி! ஓடில்லாத நத்தை சிப்லே கீரா. சிப்லோ என்றால் வழுவழுப்பு. மட்டி ஓட்டுக்குச் சிபி. நம் சிப்பியோடு ஒட்டி நிற்கிற சொல். கடலையே பார்க்காத மலைக்காரன் தோட்டத்து நத்தைக்குச் சங்கின் பெயரை வைத்திருக்கிறான். கோயிலில் ஊதும் சங்கைப் பார்த்திருப்பான், அதே சுருள் கீரைப்பாத்தியில் ஊர்ந்தபோது விட்டுவிடவில்லை.

சரி, ஒரு கேள்வி. நத்தையாவது மெல்ல ஊர்ந்து மலை ஏறும். மட்டி என்ன செய்யும்? ஆற்று மணலில் பாதி புதைந்து கிடக்கிற பிராணி. தண்ணீர் கீழ்நோக்கி இழுக்கிறது. நேபாளத்தில் தரை மட்டம் தெற்கே தராய்ச் சமவெளியில் சுமார் 60 மீட்டர்; அங்கிருந்து 200 கிலோமீட்டருக்குள் எவரெஸ்ட் 8,848.86 மீட்டர். ஆறுகள் படிக்கட்டில் உருளுகிற மாதிரி இறங்குகின்றன. வெள்ளத்துக்கு வெள்ளம் மட்டியை அடித்துக்கொண்டு போனால், ஆயிரம் வருடத்தில் மேலே ஒன்றுகூட மிஞ்சக் கூடாது அல்லவா?

மீன் தூக்கிக்கொண்டு போகிறது. தராய்க் குளங்களிலும் ஓடைகளிலும் கிடைக்கும் பெரிய மட்டி லாமெல்லிடென்ஸ். நம் ஊர்க் கண்மாயிலும் இருக்கிறது. கறுப்பு ஓடு, உள்ளே முத்துப்பளபளப்பு. தாய் மட்டி குஞ்சுகளைத் தன் செவுளுக்குள் வைத்து வளர்த்து, கண்ணுக்குத் தெரியாத தூசி அளவில் வெளியே விடும். அந்தத் தூசுக்கும் இரண்டு ஓடு உண்டு. கடந்து போகிற மீனின் செவுளையோ துடுப்பையோ கவ்விக்கொள்ளும். மீனின் தோல் அதை மூடி வளரும். சில நாளோ சில வாரமோ அங்கேயே குடியிருந்து உருமாறி, மீன் எங்கே நீந்திப் போனதோ அங்கே உதிர்ந்து மணலில் புதையும். டிக்கெட் எடுக்காத பயணம். இதனால்தான் ஆற்றின் குறுக்கே ஒரு தடுப்பு வந்தால் மீனுக்கு மட்டும் இழப்பில்லை. நேபாளத்தில், இந்திய எல்லையை ஒட்டிக் கட்டிய கோசி தடுப்பணை 1962இல் முடிந்தது. அணைக்கணக்கில் மீனையாவது ஒரு வரி எழுதுவார்கள். மட்டியை யார் எழுதப் போகிறார்கள்?

மீனே ஏற முடியாத மலைக் குட்டைகளிலும் மட்டி உண்டு. பட்டாணி அளவுகூட இல்லாத பிசிடியம். இது வேறு வழியில் போகிறது. 1882இல் இங்கிலாந்தின் நார்த்தாம்டனில் காலணி செய்து விற்றுவந்த வால்டர் கிரிக் என்பவர் ஒரு நீர்வண்டைப் பிடித்தார். அதன் காலை ஒரு குட்டி மட்டி கவ்விக்கொண்டு தொங்கியது. பிசிடியத்துக்குச் சிற்றப்பன் மகன் முறையான இனம். அதை அப்படியே டார்வினுக்கு அனுப்பினார். நன்னீர் மட்டி குளம் விட்டுக் குளம் தாவுவது எப்படி என்று டார்வின் ரொம்ப நாளாக யோசித்துக்கொண்டிருந்தார். ஏப்ரல் 6ஆம் தேதி நேச்சர் இதழில் குறிப்பு வந்தது. 19ஆம் தேதி டார்வின் காலமானார். அந்தக் காலணிக்காரரின் பேரன்தான் 1953இல் வாட்சனோடு சேர்ந்து மரபணுவின் இரட்டைச் சுருளைக் கண்டுபிடித்த ஃபிரான்சிஸ் கிரிக். இதை எந்த மேடையில் சொன்னாலும் ஒருவராவது நம்ப மாட்டார். நம்புங்கள். பிசிடியத்தில் ஆணும் பெண்ணும் ஒரே உடம்பில். வாத்தின் காலிலோ வண்டின் காலிலோ ஒன்று வந்து விழுந்தால் போதும், குட்டைக்கு ஊர் அமைந்துவிடும்.

இப்போது கீழே இறங்குவோம். சாப்பாட்டு நேரமும் நெருங்குகிறது.

தராயில் தாரு மக்கள் சாப்பிடும் கோங்கியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நடவு காலத்தில் வயலிலும் வாய்க்காலிலும் பெண்கள் பொறுக்குகிற சிறிய கறுப்பு நத்தை. இரவெல்லாம் தண்ணீரில் போட்டுச் சேற்றைக் கக்க வைப்பார்கள். அப்புறம் ஒவ்வொன்றின் வால் நுனியையும் நறுக்குவார்கள். மசாலாவோடு ஆளி விதையை அரைத்துப் போட்டுக் கெட்டியான குழம்பு. சித்வன் பக்கம் எனக்குத் தட்டில் வைத்தார்கள். கூட்டின் வாயில் உதடு வைத்து உறிஞ்ச வேண்டும். எனக்கு வரவில்லை. பரிமாறிய அம்மா சிரித்துவிட்டு, நுனி சரியாக நறுக்காத ஒன்று அது என்று வேறு எடுத்துக் கொடுத்தார். பின்பக்கம் ஓட்டை இருந்தால்தான் காற்று புகுந்து சதை வழுக்கி வரும். ஐந்தாவதோ ஆறாவதோ சுர்ரென்று வந்தது. பல்லில் நறநறவென்று ஏதோ. மண் என்று நினைத்தேன். மண் இல்லை. இந்த நத்தை முட்டையிடாது. ஓட்டோடு குட்டி போடும். தாயின் வயிற்றில் இருந்த குட்டி ஓடுகள்தான் நறநறத்தவை. தெரிந்த பிறகு இன்னொரு தட்டு கேட்டேனா என்று கேட்காதீர்கள்.

நம் டெல்டாவிலும் வயல் நத்தையைச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வேகவைத்து ஊக்கால் எடுப்பார்கள். ஊமச்சி என்று ஒரு அழகான பெயரும் உண்டு அதற்கு. அதைச் சாப்பிடுகிறவர்களைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்களும் இங்கே உண்டு, அங்கேயும் உண்டு. மலையில் இருந்து வந்த மேல்சாதிக்காரர்களுக்குத் தாருக்களும் முசகர்களும் நத்தை தின்கிற சனம். இப்போது சுற்றுலாக்காரர்கள் கேட்கிறார்கள் என்று ஓட்டல் பட்டியலில் கோங்கி ஏறியிருக்கிறது. பொறுக்குகிற பெண்ணின் மரியாதை கூடவே ஏறியதா என்று எனக்குச் சந்தேகம்.

கோங்கிக்கு அண்ணன் மாதிரி ஒன்று, பந்து போல் உருண்ட பைலா. நம் வயல்களிலும் பார்த்திருப்பீர்கள். செவுளும் உண்டு, நுரையீரல் மாதிரி ஒரு பையும் உண்டு. கோடையில் மூடியை இறுக்கிச் சாத்திக்கொண்டு சேற்றுக்குள் மாதக்கணக்கில் தூங்கும். ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் என்ற உலக ஒப்பந்தப் பட்டியலில் 1987இல் நேபாளத்தில் இருந்து முதலில் சேர்ந்த கோசி தப்புவில் இதைத் தின்னவே ஒரு நாரை. அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். ஆங்கிலக்காரர்கள் அந்தத் திறந்த அலகைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். பாக்குவெட்டி மாதிரி நத்தையை அந்த இடைவெளியில் வைத்து உடைக்கிறது என்றுகூட நினைத்தவர்கள் இருந்தார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் அது உடைப்பதில்லை. கீழ் அலகின் நுனியை மூடிக்கு அடியில் செருகிச் சதையை அறுத்து உருவுகிறது; ஓடு பெரும்பாலும் முழுசாகவே கிடக்கும். தமிழில் அந்தப் பறவைக்குப் பெயர் என்ன? நத்தை குத்தி நாரை. குத்தி! பெயர் வைத்தவன் வரப்பில் உட்கார்ந்து பார்த்திருக்கிறான்.

நத்தையால் வரும் தொல்லையையும் மறைக்கக் கூடாது. மாட்டுக்கு ஈரலில் வரும் தட்டைப்புழுவை நேபாளத்து விவசாயி நாம்லே என்பார். நாம்லோ என்பது சுமைக்கூடையை நெற்றியில் தாங்கும் பட்டை. புழுவும் தட்டையாகத்தான் இருக்கும். சாணத்தோடு விழும் முட்டை தண்ணீரில் பொரித்து, ஒரு சிறு குட்டை நத்தைக்குள் புகுந்து பெருகி, வெளியே வந்து புல்லிலும் நெல்தாளின் அடியிலும் ஒட்டிக்கொள்ளும். மாடு மேயும். நத்தை இல்லையென்றால் சங்கிலி அறுந்துவிடும். தட்டையாகச் சுருண்ட இண்டோபிளானார்பிஸ் என்ற இன்னொரு நத்தை வேறொரு புழுவைச் சுமக்கிறது. மாடு குறட்டை விடுகிற மாதிரி மூச்சிழுக்கும் நோய், நம் கால்நடை மருத்துவர்கள் மூக்கடைப்பான் என்பார்கள். அந்தப் புழுவை 1930களில் முதலில் விவரித்ததே நம் சென்னையில்தான். ஒரே இனம் என்று எண்ணியிருந்த அந்த நத்தையைத் தராயில் மரபணு வைத்துப் பார்த்தபோது, ஒன்றல்ல, பல கிளை என்று தெரியவந்தது.

இப்போது நேபாளச் செய்திகளில் சங்கே கீரா என்று வந்தால் அது பெரும்பாலும் வந்தேறி. ஆப்பிரிக்கப் பெருநத்தை. உள்ளங்கை நீளம். 1847இல் பென்சன் என்ற நத்தை ஆர்வலர் மொரிஷியஸில் இருந்து உயிரோடு இரண்டைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். சௌரங்கியில் ஒரு தோட்டத்தில் விட்டார்கள். இரண்டே இரண்டு! ஒவ்வொன்றும் ஒரு முறைக்கு நூறு, இருநூறு முட்டை. இன்று தராய் மட்டுமல்ல, மலை மாவட்டங்களிலும் கோசும் கீரையும் தப்புவதில்லை. நத்தையையே உயிராக நேசித்த ஒரு மனிதர் செய்த காரியம் இது என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. வெறுங்கையால் இதைத் தொடாதீர்கள், மூளைக்கு ஏறும் ஒரு எலிப்புழுவையும் இது சுமக்கும்.

நேபாளத்துக்கே சொந்தமான நத்தைகளை உலகம் தாமதமாகத்தான் பார்த்தது. காரணம் சுலபம். 1950 வாக்கில்தான் நாடு வெளியாருக்குத் திறந்தது. எவரெஸ்டையே இந்தியச் சமவெளியில் நின்றுதான் அளந்தார்கள். கே2 மலைப் பக்கம் நில அளவை செய்த காட்வின் ஆஸ்டின், ஒரு காலத்தில் அந்தச் சிகரத்துக்கே அவர் பெயரை வைத்திருந்தார்கள், பெரிய நத்தை அறிஞர். காஷ்மீரில் இருந்து அசாம் வரை இமயமலை நத்தை அவருக்கு அத்துப்படி. நடுவில் நேபாளம் மட்டும் மூடிய கதவு. அதனால்தான் 2012இல்கூடச் சிவாலிக் குன்றுகளில் புது இனம் மட்டுமல்ல, புதுப் பேரினமே கிடைத்தது. டார்வினினிஷியம் சிவாலிக்கியானம் என்று பெயர். நேபாள ஆய்வாளர் பிரேம் புதாவும் பீட்டர் மோர்டனும் வெளியிட்டார்கள். வெளியே பார்த்தால் சாதாரணக் கூடு. அறுத்துப் பார்த்தபோதுதான் உள்ளே கழிவுநீர்க் குழாயின் அமைப்பு உறவினங்களில் இருந்து மாறியிருந்தது. டார்வின் பெயர் நேராக வரவில்லை. ஆய்வுக்குப் பணம் தந்த பிரிட்டிஷ் திட்டத்துக்கு டார்வின் பெயர். நிதி கொடுத்தவருக்கு நன்றி சொல்ல இதைவிட நல்ல வழி நம் ஊர்க் கல்வெட்டுகளில்கூட இல்லை.

கடைசியாக ஒன்று. இமயமலைக் காட்டில் இலைச்சருகை வாரி மாவுச் சல்லடையில் சலித்தால் கடுகு அளவில் நத்தைகள் விழும். அல்கேயஸ் என்ற வகை அதில் எனக்குப் பிடித்தது. மூடியுள்ள நத்தை, பகைவன் வந்தால் கதவைச் சாத்திவிடும். கதவைச் சாத்தினால் மூச்சு? ஓட்டின் மேலேயே ஒரு மெல்லிய சுண்ணாம்புக் குழாய் வைத்திருக்கிறது, பின்பக்கம் புகைபோக்கி மாதிரி. இவற்றுக்கு இமயமலையும் அதற்குக் கிழக்கேயும்தான் ஊர் என்று எண்ணியிருந்த காலத்தில், 19ஆம் நூற்றாண்டில், பிளான்ஃபோர்டு சகோதரர்கள் தென்னிந்திய மலையில் ஒன்றைக் கண்டார்கள். சொந்தக்காரர்கள் எல்லாம் ஆயிரம் மைலுக்கு அப்பால். அவர்கள் வைத்த பெயர் எக்ஸ்பேட்ரியேட்டஸ், ஊரை விட்டு வந்தவன். மீன் சுமந்திருக்க முடியாது, வண்டின் காலைக் கவ்வுகிற வாயும் அதற்கு இல்லை. அடுத்த மழைக்கு மலைப்பக்கம் போகிறவர்கள் ஒரு சல்லடையும் கைக்கண்ணாடியும் எடுத்துக்கொள்ளுங்கள். பார்த்துவிட்டு அதே சருகில் திரும்ப விட்டுவிடுங்கள். கேள்வி இருப்பவர்கள் கேட்கலாம்.