வெந்நீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும்?

(தேசிய அறிவியல் நாளையொட்டி, பெங்களூர் அல்சூரில் தமிழ் மாணவர்கள், பெற்றோர்கள் கூட்டத்தில் பேசியது)

தலைவர் அவர்களே, நம் பகுதியின் முன்னாள் மாநகராட்சி உறுப்பினர் ஐயா அவர்களே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசி என் வேலையைக் கஷ்டமாக்கிவிட்ட தலைமையாசிரியை அம்மா அவர்களே, மின்விசிறிக்கு அடியில் இடம் பிடித்த பெரியவர்களே, இடம் கிடைக்காமல் வாசலில் நிற்கும் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

ஐயா அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் நன்றாக இருக்காது. நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிகள் அவர் வாங்கிக் கொடுத்தவை. பதவி போன பிறகும் போன் போட்டால் எடுக்கிற மனிதர் அவர். அவரிடம் இன்னொன்று கேட்க இருக்கிறேன், அதைப் பிறகு சொல்கிறேன். செயலாளர் தம்பிக்கும், மைக் செட் போட்டவருக்கும் நன்றி.

எனக்குக் கொடுத்த தலைப்பு, இங்கிலீஷ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு அறிவியல் அறிமுகம். மூன்று விஷயம் பேசலாம் என்று வந்தேன். ஒன்று அளவெடுப்பது, இரண்டு உயிருள்ளதை உற்றுப் பார்ப்பது, மூன்று மின்சாரம். செயலாளர் இருபது நிமிடம் என்றார். பார்ப்போம்.

நான் எதில் தொடங்குவேன் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. இதைச் சொன்னாலே என் மனைவி எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவார். இன்று முன்வரிசையில் மாட்டிக்கொண்டார்.

ஸ்ரீராமபுரத்தில் எங்களுக்கு வேண்டிய ஒரு வீடு. அப்பா கட்டட மேஸ்திரி. பெண் ஒன்பதாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். பள்ளியின் பெயர் வேண்டாம். அங்கே ஆய்வகம் இருக்கிறது, பூட்டும் இருக்கிறது. யாரோ பார்வையிட வருகிறார்கள் என்று ஒருநாள் திறந்தார்கள். தண்ணீரின் கொதிநிலையைக் கண்டுபிடிக்க வேண்டும். பீக்கரில் தண்ணீர், அடியில் ஸ்பிரிட் விளக்கு, உள்ளே தெர்மாமீட்டர். இந்தப் பெண் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எண்பது, தொண்ணூறு, தொண்ணூற்றைந்து. தொண்ணூற்றேழில் நின்றுவிட்டது. தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, ஆனால் பாதரசம் அதற்கு மேல் ஏற மாட்டேன் என்கிறது.

பக்கத்தில் இருந்த பெண் "நூறுன்னு எழுதுடி, புக்ல அதான் இருக்கு" என்றாளாம். வகுப்பு முழுக்க நூறு என்று எழுதியது. சில பிள்ளைகள் தண்ணீர் கொதிப்பதற்கு முன்பே எழுதிவிட்டார்கள்! இவள் மட்டும் 97 என்று எழுதினாள். நோட்டு திரும்பி வந்தபோது அதன்மேல் சிவப்பு மையில் ஒரு வட்டம். தெர்மாமீட்டர் கோளாறு என்று சொல்லி முடித்துவிட்டார்கள்.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் அழுதிருக்கிறாள். அவருக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது. ஆனால் கேட்டார் பாருங்கள் ஒரு கேள்வி! "தளம் சமமா இருக்கான்னு பார்க்கிற ரசமட்டம் சரியான்னு பார்க்க நாங்க அதைத் திருப்பி வெச்சுப் பார்ப்போம். ரெண்டு தடவையும் ஒரே மாதிரி காட்டினாத்தான் நம்புவோம். உன் கருவியை அப்படி ஏதாவது வெச்சுப் பார்த்தீங்களா?" யாரும் பார்க்கவில்லை. மறுநாள் அவள் ஐஸ் வாங்கிக்கொண்டு பள்ளிக்குப் போனாள். உருகுகிற ஐஸில் வைத்தால் சுழியம் காட்டுகிறது. கருவியில் கோளாறு தெரியவில்லை. அப்புறம்தான் அப்பாவும் பெண்ணும் நோட்டைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்கள். என்னிடம் இருந்த வேறொரு தெர்மாமீட்டரில் பார்த்தோம். அதிலும் 97. (வீட்டில் செய்கிறவர்கள் காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரைப் போட்டுவிடாதீர்கள், உடைந்துவிடும்.)

அவள் எழுதியதுதான் சரி. நம் பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும். தண்ணீருக்குள் உண்டாகும் ஆவியின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்துக்குச் சமமாகும்போதுதான் தண்ணீர் கொதிக்கிறது. வெளியே அழுத்தம் குறைந்தால் குறைந்த டிகிரியிலேயே கொதித்துவிடும். சுமாராக 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெரினாவில் 100, இங்கே 97, ஊட்டியில் 93க்குப் பக்கத்தில். குக்கரில் இதற்கு நேர் எதிர். ஆவியை அடைத்து அழுத்தத்தை ஏற்றுவதால் தண்ணீர் 120 டிகிரி வரைகூடப் போகும். பருப்பு சீக்கிரம் வேகிறது.

என் அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்த்தவர். இங்கே பாதிப் பேருக்கு அந்த ஊர் சம்பந்தம் இருக்கும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அதன் அடிமட்டம் கடல் மட்டத்துக்கும் கீழே. அங்கே டீ போட்டிருந்தால் தண்ணீர் நூறைத் தாண்டித்தான் கொதித்திருக்கும். அதே சுரங்கத்துக்குள்தான் 1965இல் நியூட்ரினோ என்கிற மிக நுண்ணிய துகளின் தடயத்தைப் பிடித்தார்கள். அது வேறு கதை, இழுத்துவிடும்.

மதிப்பெண் கிடைத்ததா என்று கேட்கிறீர்கள். அரை மதிப்பெண் கிடைத்தது.

பிள்ளைகளின் இங்கிலீஷில் குறை இல்லை. ஒளிச்சேர்க்கைக்கு விளக்கம் கேட்டால் ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பிப்பார்கள். அதே பிள்ளையிடம் ஒரு குரோட்டன்ஸ் இலையைக் கொடுத்து, ஸ்டார்ச் இருக்கிறதா என்று அயோடின் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கை நடுங்கும். ஏட்டுச் சுரைக்காய்! டியூஷனுக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறோம். அங்கேயும் அதே ஏடுதான், தாள் கொஞ்சம் பளபளப்பாக இருக்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெங்காயத்தின் உள்தோலை உரித்து, ஒரு சொட்டு சஃப்ரானின் சாயம் விட்டு, மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். செங்கல் சுவர் போலச் செல்கள் தெரியும். அல்சூர் ஏரித் தண்ணீர் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தால் உள்ளே ஒரு ஊரே ஓடிக்கொண்டிருக்கும். இதற்கு ஒரு மைக்ராஸ்கோப் வேண்டும், அதை வைக்க ஒரு மேசை வேண்டும்.

அதனால்தான் தலைவரிடம் இத்தனை நாளாக நச்சரிக்கிறேன். இந்த மண்டபத்துக்குப் பின்னால் ஒரு அறை இருக்கிறது. பழைய பேனர், உடைந்த நாற்காலி, போன பொங்கலுக்குக் கட்டிய தோரணம் எல்லாம் அங்கேதான். அதைக் காலி செய்து கொடுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகள் வரட்டும், அவரவர் பாடப் புத்தகத்தில் உள்ள சோதனைகளை அவரவர் கையால் செய்யட்டும்.

"பெரிய கருவி எல்லாம் யார் வாங்கித் தருவார்கள்?" என்று போன கூட்டத்தில் ஒருவர் கேட்டார். சி.வி. ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் 1928இல் கல்கத்தாவில், திரவத்தில் பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு சிறு பங்கு நிறம் மாறுகிறது என்று கண்டுபிடித்ததை நினைத்துப் பாருங்கள். முதலில் அவர்கள் வைத்திருந்தது சூரிய ஒளி, லென்ஸ், வடிகட்டிக் கண்ணாடிகள், சுத்தமான திரவம். அப்புறம் இரண்டு கண். அந்தக் கண்டுபிடிப்பை அறிவித்த பிப்ரவரி 28தான் இன்று நாம் கொண்டாடுகிற நாள். ராமன் பிறந்தது திருச்சியில், கடைசிவரை வாழ்ந்தது நம் பெங்களூரில். அவர் படத்துக்கு மாலை போட்டோம், சந்தோஷம். மாலைக்குச் செலவான காசில் நாலு டெஸ்ட் டியூப் வந்திருக்கும். தலைவர் கோபித்துக்கொள்ளக் கூடாது.

பெற்றோர்கள் "எனக்கு இங்கிலீஷ் வராது சார், நான் என்ன சொல்லித் தர முடியும்?" என்கிறீர்கள். அந்த மேஸ்திரி என்ன சொல்லித் தந்தார்? அவர் ஒரு சனிக்கிழமை வந்து ரசமட்டமும் தூக்குக்குண்டும் காட்டட்டும். மர்பி டவுன் எலெக்ட்ரீஷியன் தம்பி ஃபியூஸ் ஏன் போகிறது என்று காட்டட்டும். குக்கர் விசிலைப் பற்றி அம்மாக்கள் பேசட்டும்.

நேரமாகிவிட்டது என்று சீட்டு வந்துவிட்டது. மூன்றாவது விஷயம் மின்சாரம். 1902இல் காவிரி அருவி இருக்கிற சிவனசமுத்திரத்திலிருந்து கோலார் சுரங்கத்துக்கு மின்சாரம் போனது, 1905இல் பெங்களூர்த் தெருவில் மின்விளக்கு எரிந்தது, இதை மட்டும் சொல்லி விட்டுவிடுகிறேன்.

ஐயா அவர்களே, பிறகு சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். அந்த அறைக்கு ஒரு தண்ணீர்க் குழாயும் ஒரு சிங்க்கும் வேண்டும். தலைவர் சாவியைக் கொடுத்தால் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குச் சுத்தம் செய்ய ஆரம்பித்துவிடலாம். வருகிறவர்கள் பழைய துணி கொண்டு வாருங்கள், துடைப்பம் சங்கத்திலேயே இருக்கிறது. நன்றி, வணக்கம்.