பில் கேட்டால்தான் வரும்

நேயர்களுக்கு வணக்கம்.

சாப்பிட்டு முடித்து முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. பில் வரவில்லை. என் கணவர் மூன்று முறை திரும்பிப் பார்த்துவிட்டார். பரிமாறுகிற பெண் எங்களைப் பார்க்கிறாள், சிரிக்கிறாள், போய்விடுகிறாள். "ஏம்மா, நம்மை மறந்துட்டாங்களா, இல்ல மாவாட்ட விடப்போறாங்களா?" என்று இவர் காதோடு கேட்டார். பாரிஸ் நகரத்தில், பஸ்தீல் சதுக்கத்தை ஒட்டிய ஒரு சந்தில், இரவு பத்தே முக்கால் மணிக்கு நடந்தது இது.

நான் பிறந்து படித்தது புதுச்சேரி. வாழ்க்கைப்பட்டது கடலூர் மஞ்சக்குப்பம். பள்ளியில் பிரெஞ்சு படித்தேன். ஆனால் அந்தப் பாடப்புத்தகத்தில் பூனை மேசைக்கு அடியில் இருக்கும், ஜன்னல் திறந்திருக்கும், பில் எப்படிக் கேட்பது என்று மட்டும் இருக்காது. மகள் அங்கே வேலை பார்க்கிறாள். எங்களுடைய முப்பதாவது திருமண நாளுக்கு அவள்தான் மேசை பதிவு செய்தாள். "ரொமாண்டிக்கான இடம்மா, நீங்க ரெண்டு பேர் மட்டும் போங்க" என்று வாசல் வரை வந்து விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

ரொமாண்டிக் என்றால் எனக்குத் தெரிந்தது புதுச்சேரிதான். பெரிய வாய்க்காலைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம், துய்மா வீதி, சுய்ப்ரேன் வீதி என்று நடந்தால் மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, பழைய வீட்டு முற்றத்தில் மேசை, மேசைமேல் மெழுகுவத்தி. அழகுக்கு ஒரு குறையும் இல்லை. எனக்கு ஒரே ஒரு மனக்குறை உண்டு. பிரெஞ்சு உணவகம் என்று உட்கார்ந்தால் மெனு அட்டையில் பீட்சாவும் இருக்கிறது, பாஸ்தாவும் இருக்கிறது, சில்லி சிக்கனும் இருக்கிறது. வருகிறவர்கள் கேட்கிறார்கள், அவர்கள் வைக்கிறார்கள், சரி.

பாரிஸில் நாங்கள் போன இடம் வேறு மாதிரி. குனிந்துதான் நுழைய வேண்டும். காரை பூசாத கல் சுவர், புகையேறிக் கறுத்த உத்திரம், ஆணியில் தொங்கும் செப்புப் பாத்திரங்கள், ஒன்றுக்கொன்று ஜோடி சேராத நாற்காலிகள். அட்டையே கிடையாது, ஒரு சிலேட்டுப் பலகையைத் தூக்கிவந்து எங்கள் முன்னால் நாற்காலியில் சாய்த்து வைத்தார்கள். இவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, "பண்ருட்டியில எங்க பெரியப்பா வீடு மாதிரி இருக்கே" என்றார். நான் சிரித்தேன். ஆனால் அவர் சொன்னதுதான் சரி. அது குடியானவர் வீட்டுச் சமையல். பாரிஸ்காரர்கள் அந்தக் கிராமத்தைத் தேடித்தான் அங்கே வருகிறார்கள்.

முதலில் வெங்காய சூப். வெங்காயத்தை மெல்லிசாக அரிந்து, வெண்ணெயில், சின்னத் தீயில், பழுப்பு நிறம் வரும்வரை வதக்க வேண்டும். முக்கால் மணி நேரமாவது ஆகும். தீயைக் கூட்டினால் கசந்துவிடும். எலும்புச் சாறு ஊற்றிக் கொதிக்கவிட்டு, மேலே காய்ந்த ரொட்டித் துண்டு, அதன்மேல் துருவிய சீஸ், பிறகு சீஸ் உருகிச் சிவக்க ஒரு சூடு. பாரிஸின் நடுவில் லே ஆல் என்று பெரிய மார்க்கெட் இருந்தது. நம்முடைய குபேர் மார்க்கெட்டைப் பல மடங்கு பெருக்கிக்கொள்ளுங்கள். விடியற்காலையில் மூட்டை தூக்குகிறவர்கள் குளிருக்குக் குடித்தது இந்த சூப். 1969இல் அந்த மார்க்கெட்டை ஊருக்கு வெளியே ரான்ஜிஸுக்கு மாற்றிவிட்டார்கள். சூப் மட்டும் ஊரிலேயே தங்கிவிட்டது. ரெஸ்தோரான் என்ற சொல்லுக்கே தேற்றுவது என்றுதான் வேர்ப்பொருள். 18ஆம் நூற்றாண்டு பாரிஸில் உடம்பைத் தேற்றும் சாறு விற்ற கடைகளுக்கு முதலில் வந்த பெயர் அது. காய்ச்சல் விட்டதும் நம் வீட்டில் ஆட்டுக்கால் சூப் வைப்பதில்லையா, அதே சங்கதி.

அடுத்து கோக் ஓ வேன், அதாவது வைனில் வெந்த சேவல். "சாராயத்தில் கோழியா?" என்று இவர் கண்ணை உருட்டினார். சாராயம் இல்லை, திராட்சை ரசம். கொதியில் பெரும்பகுதி போய்விடும், முழுக்கப் போகாது என்று உள்ளதைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சாப்பிட்டார். அதன் கதை இதுதான்: பண்ணையில் வயதான சேவலின் கறி செருப்புத் தோல் மாதிரி இருக்கும். அதைத் தூக்கிப் போட மனசு வராது. சிவப்பு வைனில் ஊறவைத்து, சின்ன வெங்காயம், காளான், பன்றிக் கொழுப்புத் துண்டு சேர்த்து, மணிக்கணக்கில் வேகவிட்டால் எலும்பிலிருந்து கறி கழன்று வரும். இப்போது பல இடங்களில் பிராய்லர் கோழியில் செய்கிறார்கள். அதற்கு எதற்கு இவ்வளவு வைன், இவ்வளவு நேரம்? நாட்டுக்கோழிக் குழம்பைப் பிராய்லரில் வைத்த மாதிரிதான்.

மார்செய் துறைமுகத்தின் பேர்போன மீன் சூப்பும் இப்படித்தான் பிறந்தது. விலை போகாத முள் மீன்களை மீனவர்கள் கரையிலேயே கொதிக்கவைத்த பானை அது. இப்போது குங்குமப்பூ, தனித் தட்டு, யானை விலை. கடலூர் துறைமுகத்தில் ஏலம் முடிந்து மிஞ்சிய பொடி மீனில் வைக்கிற குழம்புக்கு இன்னும் அந்த யோகம் வரவில்லை. வரவும் வேண்டாம், நமக்குக் கட்டுப்படியாகாது.

இனி சொல்லப்போவதற்காகத்தான் இந்த உரைக்கே ஒப்புக்கொண்டேன். அந்தச் சிலேட்டில் மூன்றாவது வரி: வெண்ணெயில் வாட்டிய மீன், கூட 'வடுவான்'. எனக்குத் தெரியாத பிரெஞ்சுச் சொல். பரிமாறுகிற பெண்ணைக் கேட்டேன். "இந்திய மசாலா மதாம், பொந்திஷேரியிலிருந்து" என்றாள். கொஞ்சம் கொண்டுவந்து காட்டச் சொன்னேன். ஒரு கிண்ணத்தில் வந்தது. முகர்ந்தேன். வடகம்! நம் தாளிப்பு வடகம்! பிரெஞ்சுக்காரர் வாயில் அது வடுவான் ஆகியிருக்கிறது. சின்ன வெங்காயம், பூண்டு, உளுத்தம்பருப்பு, கடுகு, வெந்தயம், சீரகம், கறிவேப்பிலை எல்லாம் சேர்த்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் காயவைத்து, சாயங்காலம் உள்ளே எடுத்து, மறுநாள் மறுபடி உருட்டிப் போட்டு, காக்காய்க்குக் காவல் இருந்து என் மாமியார் செய்வாரே, அதே வடகம். அவர்கள் உருண்டை பிடிப்பதில்லை, உதிரியாக வைத்திருக்கிறார்கள். விளக்கெண்ணெய் வாசமும் இல்லை. சுண்டைக்காய் வத்தக்குழம்பில் கிள்ளிப் போடுவதை வெண்ணெயில் பொரித்து மீன்மேல் தூவியிருந்தார்கள். நன்றாகவே இருந்தது. இவருக்குத்தான் மனசு ஆறவில்லை. "இதுக்கா இருபத்தெட்டு யூரோ? அம்மா வருஷத்துக்கு நாலு கிலோ போடுவாங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

ரொட்டியைத் தட்டில்லாமல் நேரே மேசைமேல் வைத்துக்கொள்கிறார்கள். கூடை காலியானால் காசு கேட்காமல் மறுபடி நிரப்புகிறார்கள். இங்கே ஒரு சின்னப் பெருமை: பாரிஸ் நகரத்தின் சிறந்த பகேத் ரொட்டிக்கான பரிசை 2023இல் வாங்கியவர் தர்ஷன் செல்வராஜா, இலங்கையிலிருந்து போன தமிழர். பரிசு பெறுகிறவர் ஓராண்டு குடியரசுத் தலைவர் மாளிகைக்கு ரொட்டி கொடுப்பார். அப்புறம் சீஸ், அதற்கப்புறம்தான் இனிப்பு. காபி எல்லாம் முடிந்த பிறகு, விரல் உயரக் கோப்பையில், கறுப்பாக. இவர் பால் கேட்டார். வந்தது. ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

சரி, பில்லுக்கு வருகிறேன். கடைசியில் மகளுக்குப் போன் போட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "கேட்காம கொண்டு வந்தா, எழுந்து போன்னு சொன்ன மாதிரிம்மா. அந்த மேசை ராத்திரி முழுக்க உங்களோடது." 2010இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் பிரெஞ்சுக்காரர்களின் உணவைச் சேர்த்தபோது எந்தப் பதார்த்தத்தையும் சேர்க்கவில்லை, விசேஷ நாளில் கூடி உட்கார்ந்து, நிதானமாகச் சாப்பிடும் அந்த வழக்கத்தைத்தான் சேர்த்தது. நாங்கள் மெஸ்ஸில் சாப்பிட்டுப் பழகியவர்கள். ரசத்துக்கு வரும்போதே அடுத்த ஆள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மோர் ஊற்றும்போது பில் இலையோரம் வந்துவிடும். அதில் தப்பு ஒன்றும் இல்லை, அவருக்கும் பசிதான். ஆனால் அந்த முக்கால் மணி நேரம் வேறு வழியில்லாமல் உட்கார்ந்திருந்தபோது நாங்கள் பேசினோம். மகள் பிறந்த மழைக்கால ராத்திரி, தானே புயலில் சாய்ந்த கொல்லைப்புற முருங்கை, அவர் என்னிடம் சொல்லாமல் வாங்கிய ஒரு கடன். முப்பது வருஷத்தில் அந்தக் கடன் கதையை அன்றைக்குத்தான் முழுசாகக் கேட்டேன்.

ஊருக்குத் திரும்பி ஒரு வாரம் இருக்கும். ராத்திரி வடகம் போட்ட கீரைக்குழம்பு. ஏழு நிமிஷத்தில் சாப்பிட்டு எழுகிற மனிதர் இவர். நான் தட்டை எடுக்கப் போனேன். கையால் தட்டை மறைத்துக்கொண்டு, "நான் இன்னும் பில் கேக்கலையே" என்றார்.

நன்றி, வணக்கம்.