மெல்லப் பேசிய ஒரு ராக் ஆல்பம்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

1990 ஆகஸ்டில், அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலுள்ள லூயிவில் நகரத்து இளைஞர்கள் நால்வர் சிகாகோவுக்குப் போய், சில நாட்களுக்குள் ஆறு பாடல்களைப் பதிவு செய்துவிட்டு ஊர் திரும்பினார்கள். ஸ்லின்ட் என்பது அவர்களுடைய குழுவின் பெயர். அப்பாடல்கள் 1991 மார்ச்சில் 'ஸ்பைடர்லேண்ட்' என்ற ஆல்பமாக வெளிவந்தபோது குழு கலைந்துபோயிருந்தது. மேடையேறி அதை அறிமுகப்படுத்தக்கூட ஆளில்லை. முன்னட்டையில் ஓர் எழுத்தும் கிடையாது. கல்குவாரித் தண்ணீருக்கு மேலே தெரியும் நான்கு முகங்கள், கறுப்பு வெள்ளையில், அவ்வளவுதான்.

ராக் இசை என்றாலே முழக்கம் என்று எண்ணுபவர்கள், நான் உட்பட, முதல் தடவை கேட்கையில் சற்றுத் திகைத்துத்தான் போவோம். இங்கே பாடகர் பெரும்பாலும் பாடுவதே இல்லை; பக்கத்தில் இருப்பவரிடம் ஏதோ ஒன்றைத் தயங்கித் தயங்கிச் சொல்பவரைப் போலத் தாழ்ந்த குரலில் கதை சொல்கிறார். முதல் பாடல் ஏழு எண்ணிக்கையில் நடக்கிறது. மிச்ர சாபுவில் கைத்தாளம் போட்டுப் பழகியவர்களுக்கு ஏழு புதிதல்ல என்றாலும், நான்கிலேயே ஊறிய ராக் ரசிகர்களுக்கு அது காலடியில் ஒரு படி குறைவதைப் போன்றது.

மூன்றாவது பாடலான 'டான், அமன்' பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதில் டிரம்ஸ் அறவே இல்லை. டிரம்ஸ் வாசிக்கும் பிரிட் வால்ஃபோர்டே கிட்டாரை எடுத்துக்கொண்டு, விருந்துக் கூட்டத்திலிருந்து தனியே வெளியேறும் ஒருவனின் கதையைச் சொல்கிறார். இரண்டு கிட்டார்கள் ஒன்றையொன்று உரசாமல் நகர்ந்து, இறுதிப் பகுதியில் சற்று நேரம் மட்டும் சீறிவிட்டு மறுபடியும் அடங்கிவிடுகின்றன.

இத்தகைய இசைக்குப் 'போஸ்ட்-ராக்' என்ற பெயரை 1994-ல் விமர்சகர் சைமன் ரெனால்ட்ஸ் பரவச் செய்தார். மெதுவாகத் தொடங்கி இடிமுழக்கமாக ஓங்கும் அமைப்பை, கிளாஸ்கோவின் மாக்வாய் முதலாகப் பல குழுக்கள் தமதாக்கிக்கொண்டன. அவற்றுள் பலவற்றில் அடுத்த முழக்கம் எப்போது வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்பது என் குறை. ஸ்லின்டிடம் அது நடக்காது; எதிர்பார்த்த இடத்தில் மௌனம்தான் கிடைக்கும்.

அந்த ஆல்பத்தின் கடைசிப் பாடல், கப்பலை இழந்து கரையொதுங்கிய கேப்டன் ஒருவர் ஒரு வீட்டின் கதவருகே நிற்பதைப் பற்றியது, ஏறக்குறைய ஏழரை நிமிடம் நீளும். அதைத்தான் இப்போது ஒலிபரப்பப் போகிறார்கள். தொடக்கத்தில் குரல் சரியாகக் கேட்கவில்லையே என்று, தயவுசெய்து வானொலியின் சத்தத்தைக் கூட்டிவிடாதீர்கள்.