பாதியில் நின்ற பாட்டு

நேயர்களுக்கு வணக்கம். இண்டி இசை (பெரிய இசை நிறுவனங்களைச் சாராமல் சுயேச்சையாக வெளிவருவது), பாப் இசை பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் அழைத்தபோது, "எத்தனை நிமிடம்?" என்றுதான் முதலில் கேட்டேன். "எட்டு" என்றார்கள். என்னைத் தெரிந்தவர்கள் இதைக் கேட்டு இப்போதே சிரித்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. பாடினால் வீட்டில் கதவைச் சாத்துவார்கள். முப்பத்தைந்து ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன், என் தகுதி அவ்வளவுதான்.

ஒரு கேசட்டிலிருந்து தொடங்குகிறேன்.

பள்ளி நாட்களில், வீடு அடங்கிய பிறகு, சிற்றலை வானொலியைத் திருகிக்கொண்டிருப்பேன். அந்தச் சத்தம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கடல் போல ஓர் இரைச்சல்; நடுவே ஒரு குரல் கரையேறி வரும்; யார் என்று தெரிவதற்குள் மறுபடி மூழ்கிவிடும். ஓர் இரவு அப்படி ஒரு பாட்டு கரையேறியது. கிட்டாரில் ஒரு தந்தி சுருதி விலகியிருந்தது. பாடியவர், அடுத்த அறையில் உறங்குபவர்கள் விழித்துவிடக் கூடாதே என்பது போலப் பாடினார். கையில் கிடைத்த கேசட்டைப் போட்டுப் பதிவுப் பொத்தானை அழுத்தினேன். அது அக்காவின் கேசட். அதில் முன்பு என்ன இருந்தது என்பது பற்றி எங்கள் வீட்டில் இன்னும் வழக்கு முடியவில்லை, அதை விட்டுவிடுவோம்.

இரண்டரை நிமிடம் ஓடியது. பிறகு "தட்." நாடா தீர்ந்துவிட்டது. பக்கத்தைத் திருப்பிப் போடுவதற்குள் பாட்டு முடிந்து, அறிவிப்பாளர் பெயர் சொல்லும் நேரம் பார்த்து, அந்த நிலையமும் கடலுக்குள் போய்விட்டது.

பெயர் தெரியாது, பாடியவர் தெரியாது, முடிவு தெரியாது. ஆனாலும் நாடா தேயும்வரை கேட்டேன். கேட்கக் கேட்க, அந்தக் குழுவை நானே உண்டாக்கிக்கொண்டேன். நான்கு பேர், ஒரு கார் கொட்டகை, யாரிடமோ இரவல் வாங்கிய ஒலிவாங்கி. தந்தி சுருதி விலகியிருக்கிறது அல்லவா? பெரிய நிறுவனமாக இருந்தால் சரிசெய்திருப்பார்கள். எனவே இது இண்டிதான். நண்பர்களிடம் அடித்துச் சொன்னேன்: "பாப் பாடுகிறவர்களுக்கு இதெல்லாம் வராது."

பத்தொன்பது ஆண்டுகள் போயின. ஒரு நண்பரின் வீட்டிலிருந்து கிளம்பும்போது வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே அவருடைய மகள் ஏதோ பாட்டைப் போட்டாள். ஒற்றைச் செருப்போடு உள்ளே ஓடினேன். அதே குரல், அதே விலகிய தந்தி. இரண்டரை நிமிடம் நெருங்கியது. என் உடம்பு "தட்"டுக்குத் தயாராகிவிட்டது. தட் வரவில்லை, நேயர்களே! பாட்டு பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. வயலின்கள் நுழைந்தன. ஒரு கூட்டமே சேர்ந்து பாடியது. எனக்குக் கூச்சமாக இருந்தது, அடுத்தவர் கடிதத்தைப் பிரித்துப் படிப்பது போல. "யாரம்மா இது?" என்று கேட்டேன். அவள் சொன்ன பெயரை இங்கே சொல்ல மாட்டேன், என் மானம் போய்விடும். நான் அத்தனை ஆண்டுகளும் இளக்காரம் செய்துவந்த ஒரு பாப் குழு அது. மிகப் பெரிய நிறுவனத்தின் வெளியீடு.

காதுக்கு நிறுவனம் தெரியாது. இன்று நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். இன்னும் இரண்டு மூன்று முறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இண்டி என்ற சொல்லே இசையின் வகையைக் குறித்து எழுந்தது அல்ல. பிரிட்டனில் 1980 ஜனவரியில் இண்டி இசைத்தட்டுகளுக்கென்று தனித் தரவரிசைப் பட்டியல் தொடங்கினார்கள். அதில் இடம்பெற ஒரே நிபந்தனை, பெரிய நிறுவனங்களின் விநியோகத்தை நம்பாமல் தட்டு கடைக்குப் போயிருக்க வேண்டும் என்பது. யாருடைய வண்டியில் ஏறி வந்தாய் என்று மட்டும் கேட்டார்கள், என்ன பாடினாய் என்று கேட்கவில்லை. விளைவு என்ன ஆயிற்று? எண்பதுகளின் இறுதியில் அந்த இண்டிப் பட்டியலின் உச்சியில் ஆஸ்திரேலியப் பாடகி கைலி மினோக் நின்றார். பளபளவென்ற நடனப் பாப். ஆனால் தட்டை வெளியிட்ட பி.டபிள்யூ.எல். சுயேச்சை நிறுவனம், விநியோகமும் சுயேச்சை. கருப்புச் சட்டை போட்டுக்கொண்டு சோகமாகப் பாடிய குழுக்கள் எல்லாம் அவருக்குக் கீழே. எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் ஒரு சந்தோஷம்.

இன்னொரு கதை. 1977 ஜனவரியில் மான்செஸ்டரைச் சேர்ந்த பஸ்காக்ஸ் என்ற குழு, சுமார் 500 பவுண்டு கடன் வாங்கி, நான்கு பாட்டுகளைப் பதிவு செய்து, ஆயிரம் தட்டுகளைத் தாங்களே அச்சிட்டு வெளியிட்டது. அந்த நான்கில் ஒன்று 'போர்டம்', அதாவது சலிப்பு. கிட்டார் தனியாக ஒலிக்க வேண்டிய இடம் வருகிறது. விரல் வித்தை காட்டுவார்கள் என்று காத்திருக்கிறோம். வருவது இரண்டே சுரம். திரும்பத் திரும்ப அதே இரண்டு சுரம். சலிப்பைப் பற்றிய பாட்டில் கிட்டாருக்கே சலித்துவிட்டது! நான் இதைப் பலமுறை பலரிடம் சொல்லியிருக்கிறேன். என் மனைவி இந்த இடத்தில் எழுந்து போய்விடுவார்.

அந்த இரண்டு சுரம் அங்கே நிற்கவில்லை. கிளாஸ்கோவின் ஆரஞ்சு ஜூஸ் குழு ஒரு சின்னஞ்சிறு சுயேச்சை நிறுவனத்தில் தொடங்கி, பிறகு பாலிடோர் என்ற பெரிய நிறுவனத்துக்குப் போனது. 1983இல் அவர்களுடைய 'ரிப் இட் அப்' பிரிட்டனின் பொதுப் பட்டியலில் எட்டாம் இடம் பிடித்தது. பாட்டுக்கு நடுவே, தனக்குப் பிடித்த பாட்டு 'போர்டம்' என்கிறார் பாடகர். சொல்லி முடித்ததும் கிட்டார் அதே இரண்டு சுரத்தை வாசிக்கிறது. கடன் வாங்கிப் பதிவான சலிப்பு, ஆறே ஆண்டுகளில் நாடு முழுக்க நடன அரங்குகளில்! எது இண்டி, எது பாப்? காதுக்குத் தெரியாது.

'டீனேஜ் கிக்ஸ்' என்ற பாட்டையும் சொல்லியாக வேண்டும். 1978இல் அண்டர்டோன்ஸ் குழுவுக்காக பெல்ஃபாஸ்டின் ஒரு சிறு நிறுவனம் வெளியிட்டது. பி.பி.சி. வானொலியில் அறிவிப்பாளர் ஜான் பீல் ஒருமுறை போட்டார்; முடிந்ததும் உடனே மறுபடியும் போட்டார். அதன்பின் சயர் என்ற அமெரிக்க நிறுவனம் குழுவை எடுத்துக்கொண்டு, அதே ஒலிப்பதிவை மறுவெளியீடு செய்தது. ஒரு சுரம்கூட மாறவில்லை, உறைதான் மாறியது. முதல் தட்டை வைத்திருப்பவர்கள் அதுதான் அசல் என்று சண்டைக்கு வருவார்கள். எனக்கும் அந்த நோய் இருந்தது. அந்த வாசலில்தான் குணமானது.

கண்ணாடிக்கு அப்பால் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடமா, இரண்டு சுரமா தெரியவில்லை. படுக்கையறையிலேயே பதிவு செய்து வெளியிடும் இன்றைய பிள்ளைகளைப் பற்றிப் பேச ஒரு பக்கம் எழுதி வந்தேன். அது போயிற்று. ஒரு தாளத்தை மட்டும் தட்டிக் காட்டிவிடுகிறேன். 1963இல் ரோனெட்ஸ் என்ற பாப் குழுவின் 'பி மை பேபி' பாட்டுக்கு டிரம்ஸ் வாசித்தவர் ஹால் பிளெய்ன். தாளத்தின் இரண்டாவது அடியிலும் 'டக்' என்று அடிக்க வேண்டியதாம். குச்சி நழுவிவிட்டது என்று பின்னாளில் சொன்னார். அந்தத் தாளத்தையே 1985இல் ஜீசஸ் அண்ட் மேரி செயின் என்ற இரைச்சல் குழு எடுத்துக்கொண்டது. மேசை கொஞ்சம் ஆடுகிறது, பரவாயில்லை. இதில் எது எந்தக் குழு என்று நீங்களே சொல்லுங்கள்.

டும். டும்-டும். டக்.

டும். டும்-டும். டக்.