இடுப்பில் தொங்கிய சின்னக் கத்தி

வணக்கம் நேயர்களே. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட ஐரோப்பாவில் வாழ்ந்த கடலோடிகளான வைக்கிங் மக்கள் என்றதும் கோடரியும் வாளும்தான் நம் கண்முன் வரும். நான் இன்று பேச வந்திருப்பது அவர்கள் இடுப்பில் அன்றாடம் தொங்கிய ஒரு சின்னக் கத்தியைப் பற்றி.

சுவீடனில் மேலாரன் ஏரிக்குள் ஒரு தீவு, அதில் பிர்க்கா என்ற வைக்கிங் கால வணிக ஊர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யால்மர் ஸ்டோல்பே என்ற தொல்லியல் ஆய்வாளர் அங்கே சுமார் 1100 கல்லறைகளைத் தோண்டினார். ஆண்களின் கல்லறையிலும் கத்தி, பெண்களின் கல்லறையிலும் கத்தி. வாள் வசதியுள்ளவர்களுக்கு. கத்தி எல்லோருக்கும். மீன் அறுக்க, கயிறு வெட்ட, மரக் கரண்டி செதுக்க, சாப்பிடும்போது இறைச்சியைத் துண்டு போட எல்லாம் அதுதான்.

இதில் என்னை மிகவும் கவர்வது கொல்லரின் சிக்கனம். சதுப்பு நிலத்தில் படிந்த தாதுவைக் கரி உலையில் இட்டு இரும்பு எடுத்தார்கள். அந்த இரும்பு மெத்தென்றிருக்கும், கூர் நிற்காது. நல்ல எஃகு கொஞ்சம்தான் கிடைக்கும். அதனால் வெட்டும் விளிம்புக்கு மட்டும் எஃகு, முதுகுக்கு இரும்பு. அல்லது மெல்லிய எஃகுப் பட்டையை இரண்டு இரும்புப் பட்டைகளுக்கு நடுவே வைத்து, பழுக்கக் காய்ச்சி, அடித்து ஒட்டுவார்கள். எஃகு கூரைப் பிடித்துக்கொள்ளும், இரும்பு முறியாமல் தாங்கும். நார்வேயில் 1932இல் தொடங்கிய ஹெல்லே நிறுவனம் இன்றும் மூன்றடுக்கு எஃகில் கத்தி செய்கிறது.

பிடிக்கு வருவோம். அலகின் வால்பகுதி குச்சிபோல ஒடுங்கி மரத்துக்குள்ளோ கொம்புக்குள்ளோ நுழைந்துவிடும். உள்ளங்கையில் இரும்பு படாது. உறைபனிக் குளிரில் வெறும் இரும்பைப் பிடித்தால் விரல் விறைத்துப் போகும். அங்கே இது பெரிய விஷயம். சேகரிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பிடி முழுவதும் முறுக்கிய இரும்பாக, அந்தப் பிடியின் நுனி சுருண்டிருக்கும் கத்திகளை 'வைக்கிங் கத்தி' என்று விற்கிறார்கள். அழகாகத்தான் இருக்கும். ஆனால் வைக்கிங் காலக் கல்லறைகளில் வழக்கமாகக் கிடைப்பது அந்த ஒடுங்கிய வால் உள்ள கத்திதான். பழமைக்காக வாங்குவதென்றால் மரப்பிடியைத் தேடுங்கள்.

காட்டுக்கு எடுத்துப்போக என்றால், சுவீடனின் மூரா ஊர்க் கத்திகளே போதும் என்பேன். 1891 முதல் அங்கே தொழிற்சாலையில் கத்தி செய்கிறார்கள். விலையும் கையைக் கடிக்காது. அலகின் இருபுறமும் ஒரே ஒரு அகலமான சரிவு, நேராக விளிம்பு வரை இறங்கும். அந்தச் சரிவைச் சாணைக்கல்லில் படுக்க வைத்துத் தேய்த்தால் கோணம் தானாக அமைந்துவிடும். முதல்முறை தீட்டுகிறவருக்கும் கை வந்துவிடும்.

கார்பன் எஃகு என்றால் துரு பிடிக்கும். வேலை முடிந்ததும் துடைத்து, லேசாக எண்ணெய் பூசுங்கள். அப்புறம், மாதக்கணக்கில் தோல் உறைக்குள்ளேயே விடாதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அலகில் புள்ளி புள்ளியாகத் துரு ஏறும். நான் அப்படி ஒரு நல்ல கத்தியைப் பாழாக்கியிருக்கிறேன், இன்றும் மனசு வலிக்கிறது.

இங்கிலாந்தின் யார்க் நகரில், கொப்பர்கேட் தெருவில் 1976 முதல் 1981 வரை வைக்கிங் குடியிருப்பைத் தோண்டினார்கள். அங்கே கிடைத்த கத்திகளில் சில தீட்டித் தீட்டியே மெலிந்தவை. விளிம்பில் இருந்த எஃகு தீரும்வரை யாரோ அவற்றை வைத்து வேலை செய்திருக்கிறார்கள்.