4,29,49,67,297: பகா எண்ணைப் போலத் தோன்றும் ஒரு பகு எண்

வணக்கம். திரையில் தெரியும் 4,29,49,67,297 என்ற ஒரே ஓர் எண்ணைப் பற்றித்தான் இந்தக் காணொளி முழுவதும் பேசப்போகிறேன். 2³² உடன் 1-ஐக் கூட்டினால் இந்த எண் வரும். பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா, 2-இன் அடுக்காக 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொன்றுடனும் 1-ஐக் கூட்டினால் கிடைக்கும் 3, 5, 17, 257, 65537 முதலிய எண்கள் அனைத்தும் பகா எண்களாகவே இருக்கும் என்று 1640-இல் கருதினார். முதல் ஐந்தும் பகா எண்கள்தாம். ஆறாவது, நம் எண்.

இது 641-ஆல் மீதியின்றி வகுபடும் என்று 1732-இல் சுவிஸ் கணித அறிஞர் ஆய்லர் காட்டினார். ஈவாகக் கிடைக்கும் 67,00,417-உம் ஒரு பகா எண்.

இதைச் சரிபார்க்க நீண்ட வகுத்தல் தேவையே இல்லை. 641 என்பது 5 × 2⁷ + 1. அதே 641 என்பது 5⁴ + 2⁴-உம் ஆகும். முதல் சமன்பாட்டின்படி, 5 × 2⁷-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி −1 என்று கொள்ளலாம். இரண்டு பக்கத்தையும் நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால், 5⁴ × 2²⁸-இன் மீதி 1 ஆகிறது. இரண்டாம் சமன்பாட்டின்படி 5⁴-க்குப் பதிலாக −2⁴ என்று எழுதலாம் என்பதால், −2³²-இன் மீதி 1 என்று வருகிறது. அதாவது 2³² + 1 மீதியின்றி வகுபடுகிறது. காகிதத்தில் நான்கு வரிகூட ஆகாத இந்த நிறுவல் எனக்கு மிகவும் பிடித்தமானது.

641-ஐத் தேடிப் பிடிப்பதும் அவ்வளவு கடினமில்லை. இந்த எண்ணின் பகாக் காரணி எதுவாயினும், அதை 128-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும் என்பது 1878-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்காஸ் தந்த முடிவு. அப்படிப்பட்ட எண்களான 129, 257, 385, 513, 641 ஆகியவற்றில் 129, 385, 513 மூன்றும் பகு எண்கள். 257 ஃபெர்மாவின் வரிசையிலேயே இருக்கிறது; அவ்வரிசையின் எந்த இரண்டு எண்களுக்கும் 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி கிடையாது என்பதால் அதையும் ஒதுக்கிவிடலாம். ஆக, உண்மையிலேயே வகுத்துப் பார்க்க வேண்டிய முதல் எண்ணே 641தான்.

ஒரு பகா எண்ணைவிடச் சிறிய எந்த எண்ணையும் அடிமானமாக எடுத்து, அந்தப் பகா எண்ணில் 1-ஐக் கழித்து வரும் அடுக்குக்கு உயர்த்தி, அதே பகா எண்ணால் வகுத்தால் மீதி 1 வரும் என்பது ஃபெர்மாவின் பெயரால் வழங்கும் சிறிய தேற்றம். இதை 2-ஐ அடிமானமாக வைத்துப் பயன்படுத்தினால், இந்த எண் பகா எண்ணைப் போலவே நடந்துகொள்ளும். 2⁶⁴-ஐ இதனால் வகுத்தால் மீதி 1. நம் எண்ணில் 1-ஐக் கழித்தால் வரும் 2³²-உம் 64-இன் மடங்கு என்பதால், சோதனை தானாகவே தேறிவிடுகிறது. அடிமானத்தை 3 என்று மாற்றி, 32 முறை வர்க்கப்படுத்தி மீதி கண்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். பொறுமை மட்டும் வேண்டும்.

இந்த எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக, 65536² + 1² என்றும், 62264² + 20449² என்றும் இரு வகையில் எழுத முடியும். ஒரு பகா எண்ணை அவ்வாறு இரு வகையில் எழுதவே முடியாது என்பதால், காரணி எது என்று தெரியாமலேயே இது பகு எண் என்று உறுதிசெய்துவிடலாம். இதற்கு அப்பால் அந்த வரிசையில் இதுவரை ஒரு பகா எண்கூட அகப்படவில்லை.